உயர்நிலைப் பள்ளித் தேர்வும் வீட்டுப் பொருள்நிலையும்

ஆண்டுதோறும் மார்ச் தொடங்கி ஜூன் வரை கொல்கத்தாத் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான். மாற்றலாகி வந்தவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பில் இடம் வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குப் பதினொன்றாம் வகுப்பில் இடம் வேண்டும். லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போதும், கச்சேரி இடைவேளையிலும், "எந்தப் பள்ளி நல்ல பள்ளி?" என்று ஒருவரையொருவர் கேட்டுக் கொள்கிறோம்.

இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது நாம் வழக்கமாக நான்கு செய்திகளைப் பார்க்கிறோம். பொதுத்தேர்வில் தேர்ச்சி எப்படி? கட்டணம் எவ்வளவு? வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? எந்த வாரியத்தின் பாடத்திட்டம்? நான்கும் தேவையானவையே. ஆனால் ஐந்தாவதாக ஒரு கேள்வி உண்டு. அந்தப் பள்ளியில் படிப்பவர்கள் எத்தகைய வீடுகளிலிருந்து வருகிறார்கள்? அவ்வீடுகளின் பணவசதி பள்ளியின் பழக்கவழக்கங்களை எவ்வாறு அமைத்திருக்கிறது? பதினான்கு, பதினைந்து வயதில் பிள்ளைகள் பெற்றோரின் சொல்லைவிட நண்பர்களின் பார்வைக்கே அதிகம் கட்டுப்படுகிறார்கள். ஆகவே இக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அதைப் பற்றிச் சற்று விரிவாக எண்ணிப் பார்ப்போம்.

'பப்ளிக்' என்ற சொல்

முதலில் பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வது நல்லது. இங்கிலாந்தில் ஈட்டன், ஹாரோ போன்ற பழைய பள்ளிகளைப் 'பப்ளிக் ஸ்கூல்' என்பார்கள். இன்ன ஊரார், இன்ன தொழிலார் என்ற வரையறை இல்லாமல், கட்டணம் செலுத்த முடிந்த எவரும் சேரலாம் என்பதே அதன் பொருள். அந்த மாதிரியில் இந்தியாவில் எழுந்த புகழ்பெற்ற பள்ளி 1935-இல் டேராடூனில் திறக்கப்பட்ட டூன் பள்ளி. அதற்காக முதலில் பாடுபட்டவர் கல்கத்தாவின் வழக்கறிஞர் சதீஷ் ரஞ்சன் தாஸ். பள்ளியைக் காணாமலே அவர் 1928-இல் மறைந்தார். இன்று ஊருக்கு ஊர் 'பப்ளிக் ஸ்கூல்' என்று பலகை தொங்குகிறது. அவற்றில் பெரும்பாலானவை தனியார் பள்ளிகளே.

அமெரிக்காவில் இதே சொல்லுக்கு நேர்மாறான பொருள். அங்கே 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் கட்டணமில்லாத அரசுப் பள்ளி. ஆனால் பெரும்பாலும் குடியிருக்கும் வட்டாரத்தை வைத்தே இடம் கிடைக்கும். பள்ளிச் செலவில் ஒரு பெரும் பகுதியும் அந்த வட்டாரத்தின் சொத்துவரியிலிருந்தே வருகிறது. எனவே நல்ல பள்ளி வேண்டுவோர் விலை உயர்ந்த பகுதியில் வீடு வாங்குகிறார்கள். கட்டணம் இல்லை என்பது மெய்தான். அது வீட்டு விலைக்குள் ஒளிந்திருக்கிறது. அங்கே மகனோ மகளோ வைத்திருக்கும் பெற்றோர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பெயர் எதுவானாலும், பணம் பள்ளிக்குள் நுழைய ஒரு வழியைக் கண்டுபிடித்து விடுகிறது.

கொல்கத்தாவில் நேர்ந்த பிரிவு

நம் நகரத்தில் இப்பிரிவு ஒரே நாளில் வந்ததன்று. 1817-இல் இந்துக் கல்லூரி தொடங்கியபோது பொருள் தந்தவர்கள் செல்வந்தர்கள். படித்தவர்களும் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே. பின்னர் 1855-இல் அது பிரெசிடென்சி கல்லூரி, இந்துப் பள்ளி என இரண்டாகப் பிரிந்து, அரசின் பொறுப்பில் வளர்ந்தது. கிளாட் மார்ட்டினின் உயிலால் உருவான லா மார்ட்டினியர் 1836-லும், இயேசு சபையினரின் செயின்ட் சேவியர்ஸ் 1860-லும் தொடங்கின. ஆயினும் நெடுங்காலம், நடுத்தர வங்காளிக் குடும்பங்களின் பிள்ளைகள் தங்கள் பாடாவில் உள்ள அரசுப் பள்ளிக்கோ, அரசு உதவி பெறும் பள்ளிக்கோதான் சென்றார்கள். மருத்துவர் வீட்டுப் பையனும் குமாஸ்தா வீட்டுப் பையனும் ஒரே பெஞ்சில் உட்காருவது புதுமையாகக் கருதப்படவில்லை.

1980-களின் தொடக்கத்தில் மேற்கு வங்க அரசு, தொடக்க வகுப்புகளில் ஆங்கிலத்தை நீக்கியது. தாய்மொழியில் தொடங்கினால் ஏழைக் குழந்தைகள் இடையில் நின்றுவிடாமல் படிப்பார்கள் என்பது அதன் நோக்கம். ஆனால் வசதியுள்ள பெற்றோர்கள் அதை ஏற்கவில்லை. ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளை நாடிச் சென்றார்கள். 2004-இல் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் திரும்ப வந்தபோது, போன குடும்பங்கள் திரும்பி வரவில்லை. ஆங்கிலம் ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் வசதியுள்ள பெற்றோர் விலகியதும், ஆசிரியர் வரவில்லை என்றால் கேட்பதற்கும், கட்டடம் ஒழுகினால் மனுக் கொடுப்பதற்கும் ஆள் குறைந்துபோனது. வெளியேறியவர்களின் பணத்தோடு அவர்களின் குரலும் வெளியேறியது. கோத்தாரி கல்விக் குழு 1966-லேயே எல்லோர்க்கும் பொதுவான அண்மைப் பள்ளி முறை வேண்டும் என்று பரிந்துரைத்ததற்குக் காரணம் இதுவே.

இந்த இரு கரைகளுக்கும் நடுவே வேறு பள்ளிகளும் உண்டு. 1954-இல் சதிகாந்த குகா தொடங்கிய சவுத் பாயிண்ட் பள்ளி நடுத்தர வகுப்பினரைப் பெருமளவில் சேர்த்துக்கொண்டு, 1984 முதல் 1992 வரை உலகிலேயே அதிக மாணவர் உள்ள பள்ளி என்று கின்னஸ் நூலில் இடம் பெற்றது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி அங்குப் படித்தவரே. மாற்றலாகி வரும் மத்திய அரசு ஊழியர்களுக்கு வில்லியம் கோட்டை, பாலிகஞ்ச், சால்ட் லேக் முதலிய இடங்களில் கேந்திரிய வித்யாலயாக்கள் உள்ளன. கட்டணம் குறைவு. அலுவலகத்தில் மேலதிகாரியின் மகளும் கடைநிலை ஊழியரின் மகளும் ஒரே வகுப்பில் அமர்வது அங்கே இன்றும் நடக்கிறது.

பணம் எப்படிப் பழக்கமாகிறது?

பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கெட்டவர்கள் என்றோ, ஏழை வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் நல்லவர்கள் என்றோ சொல்வது நம் கருத்தன்று. இரண்டும் உண்மையல்ல. ஒரே அளவு வசதியுள்ளவர்கள் மட்டும் ஓரிடத்தில் கூடும்போது, அவர்களின் வாழ்க்கைமுறையே அந்த இடத்தின் சட்டமாகி விடுகிறது. அதைத்தான் கவனிக்க வேண்டும்.

பூஜா விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளை எண்ணிப் பாருங்கள். எத்தனை புதுத் துணி எடுத்தாய் என்று கேட்பது இந்நகரத்துக் குழந்தைகளின் பழைய வழக்கம். சில பள்ளிகளில் இப்போது, எந்த நாட்டுக்குப் போய்வந்தாய் என்று கேட்கிறார்கள். கேட்பவனிடம் குறும்பு எதுவும் இல்லை. அவன் வீட்டில் அது சாதாரணம். ஆனால் விடுமுறையில் கும்பகோணத்தில் பாட்டி வீட்டுக்குப் போய்வந்த பெண், அதைச் சொல்லத் தயங்கத் தொடங்குகிறாள். யாரும் அவளை அவமதிக்கவில்லை. இருந்தும் அவள் கூசுகிறாள்.

இவ்வாறே மற்றவையும். பிறந்தநாளுக்கு வகுப்புக்கு மிட்டாய் கொடுத்தது போய், உணவகத்தில் விருந்து என்று ஆகிறது. பூல் காரில் வருபவன், டிரைவர் வைத்த காரில் வருபவன் என்று வாசலிலேயே பிரிவு தெரிகிறது. டிபன் டப்பாவில் தயிர்சாதம் கொண்டுபோன பிள்ளை ஒருநாள் காண்டீனுக்குக் காசு கேட்கிறான். காசைவிட, தயிர்சாதம் ஏன் கூச்சமாயிற்று என்பதுதான் தாய் தந்தையர் கவனிக்க வேண்டியது.

படிப்பிலும் இதைக் காணலாம். வகுப்பில் பெரும்பாலோர் வெளியே டியூஷன் போகிறார்கள் என்றால், ஆசிரியர் அறிந்தோ அறியாமலோ பாடத்தை வேகமாக முடித்து விடுகிறார். டியூஷன் இல்லாதவன் பின்தங்குகிறான். பிறகு அவனும் போகிறான். டியூஷன் பழக்கத்தில் மேற்கு வங்கம் நாட்டிலேயே முன்னணியில் நிற்கிறது. 2022-ஆம் ஆண்டின் 'அசர்' ஆய்வின்படி, இம்மாநிலக் கிராமப்புறங்களில் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பணம் கொடுத்து டியூஷன் படித்தார்கள். நாடு முழுவதற்குமான கணக்கு சுமார் பத்தில் மூன்று பங்குதான். கட்டணமில்லாத பள்ளியில் படிப்பவர்களுக்கும் கல்வி இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதை இது காட்டுகிறது.

வசதி குறைந்த பள்ளிகளின் பண்பாட்டுக்கும் ஒரு நன்மை, ஒரு குறை உண்டு. மேற்கு வங்க அரசு 2015 முதல் 'சபுஜ் சாத்தி' திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு முதல் மேல்வகுப்புகளில் படிக்கும் மாணவர்களுக்குச் சைக்கிள் வழங்கி வருகிறது. எல்லோருக்கும் ஒரே சைக்கிள். காமராசர் காலத்தில் தமிழ்நாட்டில் மதிய உணவும் சீருடையும் பள்ளிக்குள் வந்ததன் கருத்தும் இதுவே. ஒன்றாக உண்டு, ஒன்றுபோல் உடுத்தினால் வீட்டு நிலை வகுப்பறைக்குள் தெரியாது. குறை என்னவெனில், ஆசிரியர் பற்றாக்குறை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், முறைகேடு காரணமாக மேற்கு வங்க அரசு உதவிப் பள்ளிகளில் சுமார் 25,750 ஆசிரியர்கள், ஊழியர்களின் நியமனத்தை ரத்து செய்தது. இத்தகைய பள்ளியை எண்ணுபவர்கள், அறிவியலுக்கும் கணக்குக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று நேரில் கேட்டறிவது அவசியம்.

ஆய்வுகள் சொல்வது

"ஏழைப் பிள்ளைகளோடு சேர்ந்தால் நம் பிள்ளையின் படிப்பு கெட்டுவிடாதா?" என்று சிலர் அஞ்சுகிறார்கள். இதற்கு ஊகமாக அல்லாமல் ஆய்வாகவே விடை உண்டு. டில்லியில் சலுகையில் அரசு நிலம் பெற்ற தனியார் பள்ளிகள் 2007 முதல் ஏழைக் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. அப்பள்ளிகளில் வசதியுள்ள மாணவர்களிடம் என்ன மாற்றம் ஏற்பட்டது என்று பொருளாதார அறிஞர் கௌதம் ராவ் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார். ஏழைத் தோழர்களோடு படித்த வசதியுள்ள பிள்ளைகள் மேலும் தாராள மனத்துடன் நடந்துகொண்டார்கள். ஓட்டப் பந்தயத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கும்போது, ஏழை என்பதற்காக ஒருவரை ஒதுக்குவது குறைந்தது. இந்தியிலும் கணக்கிலும் மதிப்பெண் குறையவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் சிறிதளவு குறைவு காணப்பட்டது. பெயரின் அகரவரிசைப்படி ஒரே படிப்புக் குழுவில் சேர்க்கப்பட்டுப் பழகியவர்களிடம் மாற்றம் தெளிவாக இருந்தது. அதாவது, ஒரே கட்டடத்தில் இருந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் உட்கார வேண்டும்.

அமெரிக்காவில் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு வகையில் கூறுகிறது. ஏழை வீட்டில் பிறந்தவர்கள், வசதியுள்ளவர்களின் நட்பு அதிகம் கிடைக்கும் வட்டாரங்களில் வளர்ந்தால், பிற்காலத்தில் பொருளாதாரத்தில் உயர்வதும் அதிகமாகக் காணப்பட்டது. ஆனால் இருதரப்பாரும் ஒரே பள்ளியில் படித்தாலும், தம் தரத்தவரோடே சேரும் போக்கு நட்பைத் தடுக்கிறது. மிகப் பெரிய பள்ளிகளில் இப்போக்கு கூடுதலாக இருந்தது.

சியால்தாவின் பாடம்

இதற்கெல்லாம் நெடுநாள் முன்பே நம் கொல்கத்தாவில் ஒருவர் இதைச் செய்து காட்டினார். அயர்லாந்தில் பிறந்து 1956-இல் இந்தியா வந்த கன்னியாஸ்திரி சிறில் மூனி, 1979-இல் சியால்தாவில் உள்ள லொரேட்டோ பள்ளியின் தலைமை ஆசிரியை ஆனார். ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள அப்பள்ளியின் வாசலுக்கு வெளியே தெருக் குழந்தைகள். உள்ளே கட்டணம் செலுத்தும் வீட்டுப் பெண்கள். அவர் கட்டணமில்லாத இடங்களை ஆண்டுதோறும் கூட்டினார். 1990-களின் இறுதியில் சுமார் 1,400 மாணவியரில் பாதிப்பேர் கட்டணம் செலுத்தாதவர்கள். 1985-இல் 'வானவில்' என்ற திட்டத்தைத் தொடங்கித் தெருக் குழந்தைகளைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவந்தார். பள்ளி மாணவியர் அவர்களுக்கு ஒருவருக்கு ஒருவராக அமர்ந்து பாடம் சொல்லிக் கொடுப்பது கால அட்டவணையிலேயே சேர்க்கப்பட்டது. 2007-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2023-இல் காலமானார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது தர்மம் அன்று, ஏற்பாடு. நல்ல மனம் வேண்டும் என்று பிரசங்கம் செய்ததோடு அவர் நிற்கவில்லை. யார் யாரோடு உட்கார வேண்டும், எந்த மணியில், எத்தனை நேரம் என்று வகுத்தார். பள்ளிப் பண்பாடு தானாக அமைவதன்று. யாராவது அமைக்க வேண்டும். பள்ளி அமைக்காவிட்டால் பணம் அமைத்து விடும்.

சட்டமும் இதைச் செய்ய முயன்றது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவிகித இடங்களை நலிந்த பிரிவினருக்கு அளிக்க வேண்டும் என்கிறது. ஆனால் 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. கொல்கத்தாவின் புகழ்பெற்ற பழைய பள்ளிகள் பல கிறித்தவ நிறுவனங்களைச் சேர்ந்தவை. மேலும் அச்சட்டம் எட்டாம் வகுப்போடு நின்று விடுகிறது. ஆகவே உயர்நிலை வகுப்பில் பிள்ளையைச் சேர்ப்பவர்கள் சட்டத்தை நம்பிப் பயனில்லை. தாமே கேட்டறிய வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். மாதக் கட்டணம் 6,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 72,000. இவ்வளவுதானே என்று துணிகிறோம். பூல் கார் மாதம் 2,000 என்றால் 24,000. ஆண்டுத் தொடக்கக் கட்டணம் 20,000. இரண்டு பாடங்களுக்கு டியூஷன் மாதம் 3,000 என்றால் 36,000. சீருடை, புத்தகம் 12,000. சுற்றுலா, பிறந்தநாள் அன்பளிப்பு, கைபேசிச் செலவு 16,000. மொத்தம் 1,80,000. கட்டணம் என்று நாம் நினைத்தது இதில் ஐந்தில் இரண்டு பங்குதான். மீதி மூன்று பங்கு, மற்ற வீடுகளின் வாழ்க்கைமுறையைப் பொறுத்தது. அதை நாம் தீர்மானிப்பதில்லை, வகுப்பு தீர்மானிக்கிறது. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் பெற்றோர் தொடுத்த வழக்கில், கொல்கத்தா உயர்நீதிமன்றம் 145 தனியார் பள்ளிகளுக்குக் கட்டணத்தை 20 சதவிகிதமாவது குறைக்க ஆணையிட்டது. வருமானம் சற்றுத் தடுமாறினாலும் எத்தனை குடும்பங்கள் தாங்க முடியாத நிலையில் இருந்தன என்பதற்கு அவ்வழக்கே சாட்சி.

பள்ளியைப் பார்க்கச் செல்லும்போது கேட்க வேண்டியவை:

1. கட்டணச் சலுகை பெறும் மாணவர்கள் உண்டா? அவர்கள் மற்றவர்களோடு ஒரே பிரிவில் அமர்கிறார்களா, தனிப் பிரிவிலா?

2. பிறந்தநாள், கைபேசி, விலையுயர்ந்த பொருள்கள் பற்றிப் பள்ளிக்கு விதி உண்டா? அது நடைமுறையில் இருக்கிறதா?

3. சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளையைப் பள்ளி எப்படி நடத்துகிறது?

4. டியூஷன் இல்லாமல் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர்கள் இருக்கிறார்களா?

5. வகுப்பில் இடம் மாற்றி உட்கார வைக்கிறார்களா? குழுவை ஆசிரியர் பிரிக்கிறாரா, மாணவர்களே சேர்ந்து கொள்கிறார்களா?

6. காவலாளி, ஆயா, பூல் கார் ஓட்டுநர் ஆகியோரிடம் மாணவர்கள் எப்படிப் பேசுகிறார்கள்?

கடைசிக் கேள்விக்கு யாரிடமும் விடை கேட்க வேண்டாம். பள்ளி விடும் நேரத்தில் கால் மணி நேரம் வாசலில் நின்றால் போதும்.

வீட்டில் செய்ய வேண்டியது

எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் பாதி வேலை வீட்டில்தான். வகுப்பில் நம் பிள்ளை வசதி குறைந்தவனாக இருந்தால், வருமானத்தை அவனிடம் மறைக்க வேண்டாம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வீட்டுக் கணக்கு புரியும். "முடியாது" என்பதைக் கோபமில்லாமல், காரணத்தோடு சொன்னால் அவன் ஏற்றுக்கொள்வான். கடன் வாங்கி அவன் முகத்தைக் காப்பாற்றுவது அவனுக்கே பின்னால் சுமையாகும். அவன் நண்பர்களை வீட்டுக்கு அழையுங்கள். இரண்டு அறை வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போன நண்பன்தான் நிலைத்த நண்பன்.

வகுப்பில் நம் பிள்ளை வசதி கூடியவனாக இருந்தால், பொறுப்பு இன்னும் அதிகம். பெரும்பாலும் இதை நாம் மறந்துவிடுகிறோம். வங்கி அதிகாரிகளும், சால்ட் லேக்கில் கணினித் துறையில் பணிபுரிவோரும் நம்மில் உண்டு. மெஸ்ஸில் சமைப்போர், இட்லிக் கடை வைத்திருப்போர், பூவும் வாழையிலையும் விற்போரும் நம்மவரே. இவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வாரநாட்களில் ஒருவரையொருவர் காண்பதே இல்லை. பள்ளி பிரித்துவிட்ட அவர்களைப் பொங்கல் விழாவிலும், நாடக ஒத்திகையிலும், ஞாயிறு தமிழ் வகுப்பிலும் நாம் சேர்த்து உட்கார வைக்க முடியும். அங்கும் முன்வரிசை ஒரு சாராருக்கு, பின்வரிசை மற்றவருக்கு என்று ஆகிவிட்டால், நம் பிள்ளைகளுக்கு வேறு எங்கே இது கிடைக்கும்?

ஆகவே பெற்றோர்களே, "நல்ல பள்ளி எது?" என்று கேட்கும்போது அதோடு இன்னொன்றையும் கேட்டுக் கொள்ளுங்கள்: "இங்கே மூன்று ஆண்டு படித்த பிறகு என் பிள்ளை தன் தகப்பன் செய்யும் தொழிலைத் தயங்காமல் சொல்லுவானா? அடுத்தவன் தகப்பனின் தொழிலைக் கேட்டு இளக்காரமாகச் சிரிக்காமல் இருப்பானா?" இவ்விரண்டுக்கும் ஆம் என்று சொல்லக்கூடிய பள்ளியில், கட்டணம் கூடுதலோ குறைவோ, நம்பிச் சேர்க்கலாம்.